படித்ததாக ஒரு கையெழுத்து

ஐம்பத்தெட்டு முடிந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஸ்டோர்காரர் ஆங்கில டியூஷன் தேடிக் கிளம்பினார். யாருக்கு என்று கேட்டவர்களிடம் தெரிந்த பையன் ஒருவனுக்கு என்றார். பொய். தமக்குத்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம் ஒரு பக்கம். நாற்பது வருஷமாக ஆங்கிலம் தெரிந்தவர் என்று வாங்கிய பெயர் என்னாவது என்ற பயம் இன்னொரு பக்கம்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பதினாறு வயதில் லாரி உதிரிபாகக் கிடங்கில் பெட்டி தூக்கப் போனவர் அவர். தமிழ் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. ஆனால் கண் கூர்மை. ஆயிரத்துச் சொச்சம் சாமான்களின் ஆங்கிலப் பெயர்களை, தெருவில் போகிற ஆளை அடையாளம் சொல்வது போல, பெட்டியைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். பேரிங் எது, கேஸ்கெட் எது, இடது விளக்கு எது, வலது விளக்கு எது என்று ஒரு நாளும் தவறியதில்லை. முதலாளியே சந்தேகம் வந்தால் ஸ்டோர்காரரைக் கேள் என்பார். அதே சொற்கள் நாலு சேர்ந்து ஒரு வாக்கியமாகி வந்தால் மட்டும் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கும். இது வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்று தரகர் அடித்துவிட்டார். இவரும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். இவருக்குப் பெண்ணே கிடைத்தாள். கல்யாணமான முதல் மாதம் ஒரு வங்கிக் கடிதத்தை அவர் தேவைக்கு மேல் நேரமெடுத்துப் பார்த்ததிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். அப்புறம் ஆயுசுக்கும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. வருகிற கடிதங்களைச் சமையலறையில் வைத்து மெதுவாகப் படித்துச் சொல்வாள். அவர் முன்னறைக்கு வந்து தாமே படித்தவர் போல எல்லோருக்கும் அறிவிப்பார். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. பிறந்த ஒரே மகளுக்குக்கூட அந்த விளையாட்டைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லலாம்.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, ஒரு மத்தியானம் தலைவலி என்று படுத்த மனைவி எழுந்திருக்கவில்லை. அவர் கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னறையில் தூங்கிவிட்டேன் என்று மட்டும் மகள் சொன்னாள். அந்த வருஷமே பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு மற்றப் பாடமெல்லாம் சரி, ஆங்கிலம் வாசிப்பதும் கட்டுரை எழுதுவதும்தான் சுணக்கம், ஒரு டியூஷன் பாருங்கள் என்றார்கள். விசாரித்ததில், ஜெராக்ஸ் கடை மாடியில் குடியிருந்த டீச்சர் ஒருவர் கிடைத்தார். தலைமையாசிரியையோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டவர். சிவப்பு மை பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று பச்சையில்தான் திருத்துவார். பச்சைப் பேனா டீச்சர் என்றே அந்தத் தெருவில் பெயர்.

டீச்சரிடம் ஒரு சட்டம் இருந்தது. வாரம் ஒரு கட்டுரை. அதை வீட்டில் பெரியவர் ஒருவர் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் டீச்சரின் பச்சைப் பேனா. வீட்டில் ஒருத்தர் படிக்கிறார் என்று தெரிந்தால்தான் பிள்ளை மனசு வைத்து எழுதும் என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குதான். ஸ்டோர்காரர் விஷயத்தில்தான் பிசகியது. அப்போதே, டீச்சர், எனக்குப் படிக்க வராது என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரில் அவருக்கு வாய் வரவில்லை.

வாரா வாரம் மகள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருவார். வரிக்கு வரி விரலை ஓட்டுவார். நடுவில் ஒரு இடத்தில் நெற்றியைச் சுருக்குவார், இன்னொரு இடத்தில் லேசாகச் சிரிப்பார். பக்கம் முடிந்ததும் தமக்கு எழுதத் தெரிந்த ஒரே ஆங்கில மதிப்புரையை எழுதுவார்: குட். கிடங்கில் பழுதில்லாத சரக்கின் மேல் கட்டுகிற சீட்டில் அதுதான் இருக்கும். கீழே கையெழுத்து. மகள் அதுவரை கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் அதைப் பரீட்சைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

டியூஷன் பலித்தது. பெண் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தாள். ஆனால் அதே சமயத்தில் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அம்மா மாதிரியே வாயாடிக்கொண்டிருந்த பெண் கேட்டதற்குப் பதில் என்ற அளவுக்கு வந்துவிட்டாள். எதிர்த்துப் பேசுவதில்லை, எதையும் கேட்பதில்லை, யார் எதற்குக் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதறி எழுந்து ஓடுவாள். தாயில்லாப் பிள்ளை, பொறுப்பு வந்துவிட்டது என்று கிடங்கில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார். பதினேழு வயதில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போனவள், அப்புறம் அந்த ஊரிலேயே வேலை, அங்கேயே கல்யாணம் என்று தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெச்சிடட்டுமா. மூன்று நிமிஷம். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லையே என்று அவளுடைய சித்தி துருவிக் கேட்டதற்கு, என்னை நம்பி ஒரு உயிரை விடவேண்டாம் சித்தி என்று சொன்னாளாம். சித்தி அதை வேடிக்கைப் பேச்சாக வந்து சொன்னாள். ஸ்டோர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் எதற்காகத் தம்மைவிட்டு இவ்வளவு தள்ளிப் போனாள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவளிடம் கேட்டால் ஒன்றுமில்லைப்பா என்பாள். ஓய்வு பெற்ற நாலாம் நாள் அலமாரியை ஒழித்தபோது பழைய கட்டுரை நோட்டுகள் நான்கும் கிடைத்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய குட், அவருடைய கையெழுத்து. அவள் தன்னைப் பற்றி எழுதியது உலகத்தில் இவ்வளவுதான், அதிலும் ஒரு வரிகூடத் தாம் படித்ததில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். மகள் அப்பாவுக்கென்று நீட்டியதை ஊரான் படித்துச் சொல்வதா என்று ஒரு ரோஷம் வந்துவிட்டது.

அப்படித்தான் டியூஷன் வேட்டை ஆரம்பித்தது. முதலில் போன பயிற்சி நிலையத்தில் மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எந்த வகுப்பு என்றாள். வாய் குளறி ஆறாவது என்றார். ஆறாம் வகுப்புப் பாடத்திட்டம், போட்டி பற்றிய துண்டுத்தாள், கரடி படம் போட்ட ஒரு பலூன் எல்லாம் கொடுத்தனுப்பினாள். அடுத்தது, கம்பத்தில் விளம்பரம் ஒட்டியிருந்த முப்பது நாள் ஆசாமி. கழுத்துப்பட்டை கட்டியவர். எழுந்து நின்று நான் வெல்வேன் என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை கத்தச் சொன்னார். ஸ்டோர்காரர் கத்தினார். எனக்குப் பேச வேண்டாம் சார், வாசிக்கணும் என்று அப்புறம் மெதுவாகச் சொன்னார். வாசிக்கிறதெல்லாம் அந்தக் காலம் என்றார் கழுத்துப்பட்டை. வென்றவர் படியிறங்கி வந்துவிட்டார்.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஜெராக்ஸ் கடை மாடிக்கே போனார். டீச்சருக்கு முடி நரைத்து, கண்ணாடி தடித்திருந்தது. பச்சைப் பேனா மாறவில்லை. மகளைப் பற்றி விசாரித்துவிட்டு, யாருக்கு டியூஷன் என்று கேட்டார். இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை.

டீச்சர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நீங்க வாரா வாரம் போட்ட கையெழுத்தெல்லாம்?"

"பார்த்தேன் டீச்சர். படிக்கலை."

டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மாள் தம்மைக் கேவலமாக நினைக்கிறார் என்று ஸ்டோர்காரர் குன்றிப்போனார். அப்புறம் டீச்சர், நாளையிலிருந்து வாருங்கள் என்றார். நோட்டு நான்கும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, மூன்றாவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அது கொஞ்சம் கஷ்டம் என்றார். அவர் கஷ்டம் என்றதை இவர் ஆங்கிலம் கஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். அப்போதே டீச்சர் உடைத்துச் சொல்லியிருக்கலாம். அவருக்கும் வாய் வரவில்லை.

பாடம் பத்து மாதம் நடந்தது. ஒரு அட்டையில் நீளமாகத் துளை வெட்டி, ஒரு வரி மட்டும் தெரியும்படி பக்கத்தின் மேல் வைத்து நகர்த்தச் சொல்வார் டீச்சர். பெரிய பெரிய சொற்களெல்லாம் ஸ்டோர்காரருக்குக் கிடங்குப் பழக்கத்தில் வந்துவிடும். நடுவில் நிற்கிற பொடிச் சொற்கள்தான் கழுத்தை அறுத்தன. என் வேலை என்ற தலைப்பில் ஐந்து வரிக் கட்டுரை எழுத ஐந்து நாள் ஆயிற்று. பார்த்துக் காப்பியடிக்க ஆள் கிடையாது, மனப்பாடம் கூடாது, உங்கள் விஷயத்தைத்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் கறார். எழுதி முடித்தபோது அவருக்கு உடம்பு வியர்த்துவிட்டது.

எட்டாம் மாதம் முதல் நோட்டைத் தொட்டார்கள். மழைநாள் என்று ஒரு கட்டுரை. அதில் மழையைவிட அப்பாதான் அதிகமிருந்தார். அப்பா கதவைத் தட்டுவதற்கு முன்பே கிரீஸ் வாசனை வந்துவிடும், அப்போது எனக்குப் பயம் போய்விடும் என்று எழுதியிருந்தாள். அந்த வரியை மூன்று தடவை படித்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார். இன்னொன்றில் என் ஆசை என்ற தலைப்பில், அம்மாவின் நீலச் சேலையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்கு வேண்டும் என்றிருந்தது. அந்தச் சேலையை அவர் அடுத்த மாதமே சித்தியிடம் தூக்கிக் கொடுத்திருந்தார். மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுக் கொடுக்கிறாரே என்று நினைத்திருப்பாள்.

இதெல்லாம் கட்டுரையில்லை. வாயால் கேட்கத் தயங்கியதையெல்லாம் பிள்ளை வாரா வாரம் தமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இன்னும் என்னென்ன கேட்டிருக்கிறாளோ என்று மூன்றாவது நோட்டை டீச்சருக்குச் சொல்லாமல் தாமே பிரித்தார். அட்டையை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. நாலாம் நாள் காலை, நான் செய்த ஒரு தவறு என்ற தலைப்பு வந்தது.

அம்மா இறந்த அன்று நான் தூங்கவில்லை என்று ஆரம்பித்திருந்தாள். முன்னறையில் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். கதை முடிய நான்கு பக்கம் இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டால் எழுந்து போகலாம் என்று இருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. நான் போயிருந்தால் அம்மா இருந்திருப்பார். இதை அப்பாவிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்று அவர் இதைப் படிப்பார். படித்துவிட்டு என்னை அடித்தாலும் சரி, ஏதாவது சொன்னால் போதும்.

கீழே அவருடைய எழுத்தில் குட் என்றிருந்தது. அவருடைய கையெழுத்து இருந்தது. பச்சை மையில் மூன்று இடத்தில் திருத்தம் இருந்தது.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர அவர் எவ்வளவோ மண்டையை உடைத்துக்கொண்டார். வரவில்லை. நூறு கையெழுத்தில் அதுவும் ஒன்று. எந்த வரியில் நெற்றியைச் சுருக்கினார், எந்த வரியில் சிரித்தார்? எங்காவது ஒரு வரியில் சிரித்துத்தான் இருப்பார், வழக்கம் அதுதானே. கதவோரம் நின்ற பிள்ளை அதைப் பார்த்திருப்பாள். அதற்கப்புறம் அந்த நோட்டில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மரங்களின் பயன், நூலகத்தின் அவசியம் என்று ஒரு பிழையில்லாமல் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். டீச்சர் பார்த்ததும் புரிந்துகொண்டார். "உங்க கையெழுத்து இருந்துச்சு சார். வீட்டுல படிச்சாச்சு, இனி அப்பாவும் பொண்ணும் பேசிக்குவாங்க, நாம நடுவுல நுழையக் கூடாதுன்னு இலக்கணத்தை மட்டும் திருத்தினேன். நான் பண்ணினதும் தப்புதான்" என்றார். ஸ்டோர்காரர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு என்ன யோக்கியதை இருந்தது?

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, மிகப் பெரிய வெடிப்பு, இது ஆஸ்பத்திரி வாசலிலேயே நடந்திருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த வார்த்தையைச் சித்தியிடம் சொன்னார், முதலாளியிடம் சொன்னார், துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னார். சொன்ன நேரத்திலெல்லாம் பெரியவர்கள் பேசுகிற இடத்தில் குழந்தை எதற்கு என்று மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே பதின்மூன்று வருஷம் பிள்ளையை நோக விட்டிருக்கிறார் மனுஷர்.

மறுநாள் காலை ரயிலில் மகள் ஊருக்குப் போனார். முதலில் டாக்டர் சொன்னதைச் சொல்வதா, படிக்கத் தெரியாது என்பதைச் சொல்வதா என்று வழியெல்லாம் மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்தார். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைச் சொல்ல வழியே இல்லை. மருமகன் வேலைக்குப் போயிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறீர்களே, உடம்புக்கு என்ன என்று பதறினாள் மகள். அவர் சாப்பாட்டு மேஜையில் நோட்டை வைத்தார். அவள் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டாள். தொடவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது பாப்பா. அப்பவும் வராது. உங்கம்மாவுக்குத் தெரியும். நீ எழுதினதை நேத்துதான் படிச்சேன்."

அவர் நிறுத்தாமல் டாக்டர் சொன்னதையும் சொன்னார்.

"டாக்டர் எப்ப சொன்னார்?"

"அன்னிக்கே."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபமே இல்லாத குரலில் பேசினாள். "படிச்சிட்டு நீங்க ஒண்ணும் சொல்லலை. அடிக்கலை, ஏன்னு கேக்கலை. அப்ப நான்தான்னு முடிவு பண்ணிக்கிட்டேன். மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு என்னைப் பாத்துக்கிறீங்க, பாவம் அப்பான்னு நினைச்சேன். உங்க கண்ணுல படாம இருந்தா உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்னுதான் ஹாஸ்டலுக்குப் போனேன்."

அவள் எழுந்து அடித்திருந்தால்கூட ஸ்டோர்காரருக்கு இவ்வளவு வலித்திருக்காது. இந்தப் பிள்ளையைத் துரத்தியது வேறு யாருமில்லை, தம்முடைய கௌரவம்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் தெரிந்துகொண்டார்.

"டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

சொன்னார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நடந்திருந்தாலும் என்ற இடத்தை அழுத்திச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னார். நீ தண்ணி கொண்டு போயிருந்தாலும் அம்மா இருந்திருக்க மாட்டாம்மா என்று தம் வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"புரியுதுப்பா" என்றாள் கடைசியில். "நல்லாவே புரியுது. ஆனா உள்ள போகமாட்டேங்குது."

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.